பாலம் விழுந்தா மட்டும் ஏன் கத்துறோம்? நம்ம பக்கத்துப் பாலத்தையெல்லாம் யாரு பாக்குறாக?

கோட்டையூரான்:

எல்லாருக்கும் வணக்கம். கட்சிச் சண்டைக்காக இத போடல, மொதல்லயே சொல்லிர்றேன், அட்மின் என்னையத் தூக்கிறாதீக.

குஜராத்ல மகிசாகர் ஆத்து மேல இருந்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9 காலைல விழுந்துச்சுல்ல, வடோதரா பக்கத்தையும் ஆனந்த் ஜில்லாவையும் சேக்குற பாலம், 1985ல தொறந்தது. ஒரு கண்ணு, அதான் ரெண்டு தூணுக்கு நடுவுல உள்ள துண்டு, அப்படியே ஒடஞ்சு, ஓடிக்கிட்டிருந்த லாரி வேன் பைக் எல்லாம் ஆத்துக்குள்ள போயி 20 பேருக்கு மேல செத்துட்டாக. ஒரு டேங்கர் மட்டும் ஒடஞ்ச முனையில தொங்கிக்கிட்டு நின்னுச்சு, அத எடுக்கவே கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆச்சு, காத்துப் பை வச்சுத் தூக்கித்தான் மீட்டாகளாம்.

எனக்கு உறுத்துறது பாலம் மட்டும் இல்ல, நம்ம ஆளுக அதுக்கு என்ன பண்ணுனாகங்கறதும்தான். எங்க பங்காளிக குரூப்புல அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஒருத்தர் "இதுதான் குஜராத் மாடலா"ன்னு போட்டாக, ஒடனே இன்னொருத்தர் "இங்க மட்டும் என்ன வாழுது"ன்னு ஆரம்பிச்சாக, எங்க சித்தப்பா "வெள்ளைக்காரன் கட்டுனது இன்னும் கல்லு மாதிரி நிக்குது பாரு"ன்னு வழக்கம்போல, அதுக்கு நடுவுல அந்த அம்மா இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டு எம்புள்ளயக் காப்பாத்துங்கன்னு கதறுற வீடியோவ யாரோ சோகப் பாட்டு சேத்து எடிட் பண்ணி அனுப்பிருக்காக, அதுக்கும் கீழ வரிசையா கும்பிடு பொம்மை. ஒரு பொம்பளயோட வாழ்க்கை அங்கன முடிஞ்சு போச்சு, அதுக்குப் பாட்டு போடத் தோணுது பாருங்க. மறுநாள் நாச்சியாபுரத்துல ஒரு கல்யாணம், குரூப்பு பூரா வாழ்த்து. அத்தோட சரி.

இப்படிக் கோவப்பட்டு எங்கயாச்சும் எதாச்சும் மாறிருக்கா, இல்ல எல்லா ஊர்லயும் இதே கதைதானா? இன்னொண்ணு, நம்ம பக்கம் தேவகோட்டை, கல்லல், திருமயம்னு ஓடைக்கும் காட்டாத்துக்கும் எத்தனையோ பழைய பாலம் கெடக்கு, ஒரு பாலம் சரியில்லைன்னு நம்மள மாதிரி ஆளுக எத வச்சுக் கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சவுக சொல்லுங்க.


டிப்பர் வண்டி:

அண்ணே நான் எம்சாண்ட் லோடு அடிக்கிறவன், பாலம்னா எனக்கு வாட்ஸ்அப்ல வர்ற விசயம் இல்ல தெனம் டயருக்கு அடியில இருக்குற விசயம், நான் போற ரூட்ல ஒரு சின்னப் பாலம் இருக்கு ஊர் பேரு வேணாம், ரெண்டு வருசத்துக்கு மேல கைப்பிடிச் சுவரு ஒரு பக்கம் ஒடஞ்சு கெடக்கு, ஒடஞ்ச எடத்துல கருவேல முள்ள வெட்டிப் போட்டு அதுல ஒரு செவப்புத் துணியக் கட்டி விட்டிருக்காக, அந்தத் துணியும் வெயில்ல வெளுத்து இப்ப வெள்ளையா ஆயிருச்சு, ராத்திரி எதுத்தாப்புல பஸ் வந்தா எங்க ஒதுங்குறதுன்னே தெரியாது. ஜாயிண்டுல வண்டி ஏறும்போது டமார்னு ஒரு சத்தம் வரும், முன்னாடியெல்லாம் அது கெடையாது. நானும் இன்னொரு டிரைவரும் சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல போயி சொன்னோம், எழுதிக் குடுங்கன்னாக, எழுதிக் குடுத்தோம், இது எங்க லிமிட்ல வராதுன்னு இன்னொரு ஆபீஸ்ஸக் கை காட்டுனாக, அங்க போனா சார் லீவு.

இதுல எங்க பக்கமும் இருக்கு, ஓனர் ரெண்டு நடைய ஒரே நடையா முடிக்கச் சொல்றாரு, லோடு எவ்வளவுன்னு கேக்காத, ஓட்டுன்னுதான் சொல்லுவாரு. அந்தப் பாலத்தக் கட்டுன காலத்துல இந்த சைஸ் வண்டியே கெடையாது.


சும்மா வந்தேன்:

அரசாங்கம் என்ன சொல்லும்னு நான் இப்பவே எழுதித் தரேன். விசாரணைக் குழு, நிவாரணம், நாலு பேரு சஸ்பெண்ட். கம்பீராவுலயும் மறுநாளே நாலு இன்ஜினியர சஸ்பெண்ட் பண்ணியாச்சு. 2016ல கல்கத்தாவுல கட்டிக்கிட்டிருந்த மேம்பாலம் விழுந்தப்ப கான்ட்ராக்ட் கம்பெனிக்காரர் ஒருத்தர் இது கடவுள் செயல்னு பேட்டியே குடுத்தாரு. கடவுளுக்கு வக்கீல் கெடையாது பாருங்க, அவரு மேல எத வேணாலும் எழுதலாம்.

குஜராத் வரைக்கும் எதுக்கு, 2021 ஆகஸ்ட்ல மதுரை நத்தம் ரோட்ல பறக்கும் பாலம் கட்டும்போது ஜாக்கி சரியா வேலை செய்யாம கர்டர் விழுந்து வேலைக்கு வந்த ஒரு வடநாட்டுத் தொழிலாளி செத்துப் போனாரு. இப்ப அதே பாலத்துல காரு ஓட்டிக்கிட்டு ரீல்ஸ் போடுறோம். நம்ம குரூப்புல யாருக்காச்சும் அது ஞாபகம் இருக்கா?


பள்ளத்தூர் பெருசு:

தம்பி கோட்டையூரான், எதாச்சும் மாறிருக்கான்னு கேட்டீகள்ல, நான் சின்னப் பயலா இருந்தப்ப நடந்தது ஒண்ணு சொல்றேன். 1956 நவம்பர், அரியலூர்கிட்ட மருதையாத்துல வெள்ளம், ரயில்ப் பாலம் அரிச்சுப் போயிருக்கு, அதுல தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஏறி என்ஜினோட பெட்டிக ஆத்துக்குள்ள. 140 பேருக்கு மேல செத்தாக. அந்த ரயில்லதான் நம்ம ஆளுக மெட்ராசுக்கும் ஊருக்கும் போயி வருவாக, அதுனால இந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பதட்டம், தந்தி ஆபீஸ் வாசல்ல கூட்டம், யாரு வந்தாக யாரு வரலன்னு தெரியாம ஆச்சிமாரெல்லாம் திண்ணையில உக்காந்துட்டாக.

அப்ப ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி மகபூப்நகர்லயும் ஒரு ரயில் பாலம் போயி விபத்தாச்சு, அப்பவே ராஜினாமா குடுத்தாரு, நேரு வாங்கிக்கல. அரியலூர் ஆனதும் மறுபடி குடுத்துட்டுப் போயே போயிட்டாரு. துணை மந்திரி நம்ம ஓ.வி. அழகேசன். அடுத்த வருச எலக்சன்ல சுவத்துக்குச் சுவர் தி.மு.க.காரவுக "அரியலூர் அழகேசா, நீ ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா"ன்னு எழுதுனாக. பயலுக எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம், அர்த்தம் தெரியாமயே கத்திக்கிட்டு ஓடுவோம்.

ஆனா ஒண்ணு. சாஸ்திரி ராஜினாமாவ இன்னைக்கு வரைக்கும் பேசுறோம். அந்த வெள்ள ராத்திரியில தண்டவாளத்தையும் பாலத்தையும் நடந்து பாத்திருக்க வேண்டிய ஆளு யாரு, எத்தனை பேரு, அவுகளுக்கு அதுக்கப்பறமாச்சும் ஆள் பலம் கூட்டிக் குடுத்தாகளான்னு ஒருத்தரும் பேசி நான் கேக்கல. கோஷம் நின்னுச்சு, அந்தக் கேள்வி நிக்கல.


பனியில ஒரு ஆச்சி:

நான் காரைக்குடி, இப்ப இருக்கிறது அமெரிக்காவுல மினியாபொலிஸ். எங்க ஊர்லயும் 2007 ஆகஸ்ட் 1 சாயங்காலம், எல்லாரும் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரம், மிசிசிப்பி ஆத்து மேல இருந்த ஹைவே பாலம் மொத்தமா விழுந்துருச்சு. 13 பேர் போயிட்டாக, 145 பேருக்கு அடி. 50 புள்ளைகளுக்கு மேல இருந்த ஒரு ஸ்கூல் பஸ் கைப்பிடியில மோதி அப்படியே சாஞ்சு நின்னதுல அந்தப் புள்ளைக அத்தனையும் பொழச்சுச்சுக.

நான் இங்க வந்தது அதுக்கப்பறம். ஆனா இன்னும் பேசுவாக, அதுனால கொஞ்சம் தெரியும். முதல் வாரம் இங்கயும் இதே சண்டைதான், வரி ஏத்த மாட்டேன்னு ரோட்டுக்குக் காசு குடுக்காம விட்டது நீங்க, இல்ல நீங்க. அந்தப் பாலத்துக்கு 1990கள்லேருந்தே குறையுள்ள பாலம்னு பேப்பர்ல ரேட்டிங் இருந்திருக்கு, அது வெளிய வந்ததும் ஜனங்களுக்குக் கோவம் இன்னும் கூடிப்போச்சு. ஆனா விசாரணை ஒரு வருசத்துக்கு மேல நடந்து கடைசியா வந்த பதில் வேற. இரும்புச் சட்டங்கள ஒண்ணா சேக்குற மூட்டுத் தகடு அரை அங்குல கனத்துல போட்டிருக்காக, ஒரு அங்குலம் இருந்திருக்கணும். 1960கள்ல டிசைன் போட்டப்பவே கணக்குல விட்ட தப்பு. 40 வருசம் தாங்கிருக்கு, அன்னைக்கு ரிப்பேர் வேலைக்காக மேல ஜல்லியும் மணலும் மிஷினும் கொண்டாந்து ஒரே எடத்துல குவிச்சாக, போயிருச்சு. ஆக தெருவுல கோவப்பட்டவுக சொன்ன காரணம் ஒண்ணு, நெசக் காரணம் வேற. அதுக்காக அவுக கோவம் வீண்னு சொல்ல மாட்டேன், ஏன்னா அந்தக் கோவம் இருந்ததாலதான் அடுத்த வருசம் பிப்ரவரியில கவர்னர் (இங்க அவருதான் நம்ம முதலமைச்சர் மாதிரி) வேணாம்னு வீட்டோ போட்டதையும் மீறி சட்டசபையில பெட்ரோல் வரிய ஏத்தி ரோட்டுக்கும் பாலத்துக்கும் காசு ஒதுக்குனாக. நெனச்சுப் பாருங்க, ஜனங்க தங்க கையில இருந்து கூடுதலா காசு குடுக்க ஒத்துக்கிட்டாக.

அதுக்கு முன்னாடியும் ஒண்ணு இருக்கு. 1967 டிசம்பர்ல ஓஹையோ ஆத்துல சில்வர் பிரிட்ஜ்னு ஒண்ணு விழுந்து 46 பேர் செத்தாக. சங்கிலி மாதிரி கோத்திருக்குற இரும்புக் கண்ணியில ஒண்ணுல 2.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெடிப்பு, அம்புட்டுத்தான். அது வரைக்கும் இந்த நாட்டுல பாலங்களக் கட்டாயமா சோதிக்கணும்னு தேசிய விதியே கெடையாதாம், அதுக்கப்பறம்தான் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை பாக்கணும்னு வந்துச்சு. அதுனால கோட்டையூரான் தம்பி கேட்டதுக்கு, மாறிருக்கு. கோவம் ஒரு விதியாவோ ஒரு பட்ஜெட்டாவோ ஆன எடத்துல மட்டும் மாறிருக்கு.


துருப்பிடிச்சவன்:

இந்தப் பேர் எனக்கு எங்க ஆபீஸ்ல வச்சது, அப்படியே வச்சுக்கிட்டேன். காரைக்குடி சிக்ரில, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்துல, ரொம்ப வருசம் துரு சம்பந்தமான வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சமும் குடுத்து நம்ம ஊருக்குக் கொண்டாந்த ஆராய்ச்சிக்கூடம், அதுல பாதி ஊர்க்காரவுகளுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, பேட்டரின்னு சொல்லுவாக. கான்கிரீட்டுக்குள்ள கம்பி ஏன் துருப்பிடிக்குது, எப்படித் தடுக்குறதுங்கறதும் அங்க பெரிய வேலை.

மொதல்ல கோட்டையூரானோட சித்தப்பாவுக்கு. வெள்ளைக்காரன் கட்டுனதுல நிக்கிறது மட்டும் கண்ணுக்குத் தெரியும், விழுந்தத யாரு எண்ணுறா? 2016 ஆகஸ்ட் 2 ராத்திரி மும்பை கோவா ஹைவேயில மகாட் பக்கத்துல சாவித்ரி ஆத்துப் பாலம் வெள்ளத்துல போச்சு, ரெண்டு அரசு பஸ்ஸு ஆளுகளோட அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அது வெள்ளைக்காரன் காலத்துக் கல்லுப் பாலம்தான்.

இப்ப கான்கிரீட் கதை. புதுக் கான்கிரீட் நல்ல காரத்தன்மையா இருக்கும், அந்தக் காரம் இருக்குற வரைக்கும் உள்ள இருக்குற கம்பி மேல ஒரு மெல்லிசான படலம் ஒக்காந்து துருப்பிடிக்க விடாது. வருசம் போகப் போக காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு உள்ள எறங்கி அந்தக் காரத்தக் கொறைக்கும். கடலோரமா இருந்தா உப்பு எறங்கும். அது கம்பி வரைக்கும் போயிருச்சுன்னா துரு ஆரம்பம். துருங்கறது இரும்பு தேயுறது மட்டும் இல்ல, துருவோட பருமன் இரும்ப விட ரெண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரைக்கும் போகும். உள்ளேருந்து உப்பி மேல இருக்குற கான்கிரீட்டத் தள்ளும். அதுனால மொதல்ல கம்பி போற நேருக்கே நீளமா ஒரு வெடிப்பு, அப்புறம் பழுப்பா தண்ணி ஒழுகுன கறை, அப்புறம் அடியில பத்தை பத்தையா பேந்து விழுந்து கம்பி தெரியும். கம்பி தெரியுதுன்னா சாதாரண ஆளுக்குப் போதும், வேற படிப்பு தேவையில்ல.

பேந்து விழுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க ஒரு சுத்தி போதும். பானையத் தட்டிப் பாத்து வாங்குற மாதிரிதான், நல்ல கான்கிரீட் ணங்குன்னு கேக்கும், உள்ள விட்டுப் போயிருந்தா டொக்குன்னு கேக்கும். நாங்க அதுக்கு மேல மின்முனை வச்சு வோல்டேஜ் பாப்போம், தாமிரசல்பேட் மின்முனையில மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா அந்த எடத்துல துருப்பிடிச்சுக்கிட்டு இருக்க 90 சதவீதம் வாய்ப்புன்னு கணக்கு. இதெல்லாம் ராக்கெட் சயின்ஸ் கெடையாது, ஒரு நாள் வேலை.

கம்பீராவுல பீடமும் (தூணு மேல பாலத்தத் தாங்குற கட்டை) ஆர்ட்டிகுலேஷனும் நொறுங்கிருச்சுன்னு அந்த மாநில மந்திரியே சொன்னாரு. ஆர்ட்டிகுலேஷன்னா என்னன்னு குரூப்புல ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாக. ஒரு நீளத் துண்டோட நுனிய படி மாதிரி வெட்டி விட்டு அது மேல அடுத்த துண்டோட நுனிய ஒக்கார வைப்பாக. பழைய பாலங்கள்ல நெறைய உண்டு. கஷ்டம் என்னன்னா மேல ஜாயிண்டுல ரப்பரு போயிருச்சுன்னா மழைத்தண்ணியும் மண்ணும் நேரா அந்தப் படிக்குள்ளதான் எறங்கும், கீழேருந்து பாத்தாலும் மேலேருந்து பாத்தாலும் உள்ள என்னன்னு தெரியாது. டிப்பர் தம்பி டமார்னு சத்தம் வருதுன்னாருல்ல, அது ஜாயிண்டு போனதுக்கு அடையாளம். பாலம் ஆடுதுன்னு பயப்பட வேணாம், எல்லாப் பாலமும் கொஞ்சம் ஆடும், ஆடணும். நேத்து வரைக்கும் இல்லாத ஆட்டம், இல்லாத சத்தம், கைப்பிடிச் சுவர் நேர்கோட்டுல எங்கயாச்சும் ஒரு எடத்துல எறங்கித் தெரியுறது, இதுதான் விசயம்.

நம்ம பக்கம் துருவ விட இன்னொண்ணுதான் எனக்கு பயம். மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, விருசுழியாறு எல்லாம் வருசத்துல பாதிக்கு மேல வறண்டு கெடக்கும், தண்ணியே வராத ஆத்துக்கு எதுக்குப் பாலம்னு நக்கல் பண்ணுவோம். ஐப்பசி கார்த்திகையில ஒரு நாள் வந்தா மொத்தமா வரும். தூணுக்கு அடியில ஏற்கனவே மணல அள்ளிட்டாகன்னா அஸ்திவாரம் அந்தரத்துல நிக்கும். கோடையில ஆத்துக்குள்ள எறங்கிப் பாத்தா தூணுல பழைய மண்மட்டக் கறை ஒரு எடத்துல இருக்கும், இப்ப மண்ணு அதுக்குக் கீழ எவ்வளவு எறங்கிருக்குன்னு தெரியும். ஒரு ஆள் உசரம் எறங்கிருந்தா சும்மா விடாதீக.


ஏஇ வீட்டம்மா:

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், கல்யாணம் ஆகி இங்க. வீட்டுக்காரர் ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர், ரோடு பாலம் சம்பந்தப்பட்ட வேலையில இருக்கார், அதுக்கு மேல கேக்காதீங்க.

நாலு இன்ஜினியர சஸ்பெண்ட் பண்ணாங்கன்னதும் எல்லாரும் கை தட்டுறீங்க. தப்பு பண்ணவனத் தண்டிக்கணும், அதுல ரெண்டாவது பேச்சில்ல. ஆனா 2022லயே ஒரு மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர் அந்தப் பாலம் ஆபத்து, மூடுங்கன்னு லெட்டர் குடுத்ததா பேப்பர்ல வந்துச்சே, புதுப் பாலத்துக்கு 212 கோடின்னு ஏற்கனவே ஒப்புதலும் ஆகியிருந்துச்சே. அப்ப வேற பாலம் கட்டணும்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அது வர்ற வரைக்கும் பழசுல வண்டி விடலாமான்னு முடிவெடுத்தது யாருன்னு ஒரு போஸ்ட்லயும் நான் பாக்கல.

இப்ப நீங்க திட்டினாலும் பரவால்ல, சொல்றேன். பாலத்த மூடுனா நம்ம ஜனங்க என்ன பண்றாங்க தெரியுமா? எங்க வீட்டுக்காரர் முன்னாடி இருந்த ஒரு ஊர்ல பழைய பாலத்துல கனரக வண்டி போகக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டு மேல குறுக்குச் சட்டம் வச்சாங்க. ஒரு வாரம் தாங்கல, ராத்திரியோட ராத்திரியா கேஸ் கட்டர் வச்சு அறுத்துட்டாங்க. மறுபடி வச்சா கடைக்காரங்க மனு, வியாபாரம் போச்சுன்னு. பஸ் சுத்திப் போகுதுன்னு மறியல். பெரிய மனுசங்க போன். மூடச் சொல்லி ஒரு போன் வந்ததில்ல, தெறக்கச் சொல்லி வந்த போனுக்குக் கணக்கே இல்ல. அதே ஆளுங்கதான் குஜராத் வீடியோவுக்குக் கீழ அதிகாரிகளத் தூக்குல போடணும்னு எழுதுறாங்க.

திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம், 1928ல கட்டினது, ஞாபகம் இருக்கா? பக்கத்துலயே புதுப் பாலம் வந்ததும் 2016ல அதுல வண்டிப் போக்குவரத்த நிறுத்திட்டாங்க. 2018 ஆகஸ்ட்ல காவிரியில தண்ணி தெறந்து கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப தூண்கள் சரிஞ்சு பாலம் ஒடஞ்சு விழுந்துச்சு. ஒருத்தருக்குக் கூட ஒண்ணும் ஆகல. ஊரே திரண்டு போய் வேடிக்கை பாத்துச்சு, மணல் கொள்ளைன்னு ரெண்டு நாள் பேசுனாங்க, அதோட மறந்தாச்சு. அன்னைக்கு அதுல பஸ் ஓடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் உங்க குரூப்புல அதுதான் முதல் உதாரணமா வந்திருக்கும். சரியா முடிவெடுத்து மூடினவருக்கு ஒரு நன்றி போஸ்டர் எங்கயாவது பாத்தீங்களா?

வெளிநாட்டுலயும் அப்படித்தான் போல. இத்தாலியில ஜெனோவா பாலம் 2018 ஆகஸ்ட் 14ல விழுந்து 43 பேர் செத்தாங்க. அந்த ஊருக்கு மாத்து ரோடு ஒண்ணு போடணும்னு ரொம்ப வருசமா பேச்சு, வேணாம்னு ஒரு போராட்டக் குழு. அவங்க 2013ல விட்ட அறிக்கையில பழைய பாலம் விழப் போகுதுன்னு சொல்றதெல்லாம் கட்டுக்கதைன்னு எழுதியிருந்தாங்க, பாலம் விழுந்த அன்னைக்கு அத எடுத்து எல்லாரும் போட்டாங்க. இறுதிச் சடங்குல சில குடும்பங்க அரசு மரியாதையே வேணாம்னு தனியா அடக்கம் பண்ணிட்டாங்க, வந்தவங்க தீயணைப்பு வீரர்களுக்குக் கை தட்டி, முந்தி ஆண்ட கட்சிக்காரங்களுக்கு விசில் அடிச்சுக் கூச்சல் போட்டாங்க. அந்தக் கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா அது மொத்தமும் மேடையில இருக்கறவங்க மேல மட்டும்தான் போகுது.


டிப்பர் வண்டி:

அக்கா நீங்க சொல்றது சரிதான் ஆனா ஒண்ணு விட்டுட்டீக, சட்டத்த அறுக்குறவன் எல்லாம் கெட்டவன் இல்ல, பாலத்த மூடிட்டு சுத்திப் போங்கன்னு ஒரு போர்டு வச்சா ஒரு நடைக்கு எம்புட்டு டீசல், அத ஓனர் குடுப்பாரா, ஸ்கூல் புள்ளைக எத்தன கிலோமீட்டர் சுத்தும், ஆத்துக்கு அக்கரையில வயலு இருக்குறவன் என்ன செய்வான், கம்பீராவுலயே பாலம் விழுந்தப்பறம் எதிர்க்கரைக்கு வேலைக்குப் போறவுக சுத்திக்கிட்டுத்தான் போனாகளாம். மூடுங்க, ஆனா பக்கத்துல ஒரு தரைப்பாலமாச்சும் போட்டுட்டு மூடுங்க, கொள்ளிடத்துல ஜனங்க ஏன் சத்தம் போடலன்னா பக்கத்துல புதுப் பாலம் இருந்துச்சு, அதுதான் காரணம், நாங்க திருந்துனதால இல்ல.


ஏஇ வீட்டம்மா:

இது நியாயமான பேச்சு தம்பி. மாத்து வழிக்கு எஸ்டிமேட் போட்டு அனுப்பினா அது போன எடமே தெரியாது, அதுவும் உண்மை. ஆனா டிரைவர்ங்க சேர்ந்து மாத்து வழி கேட்டு ஒரு மறியல் பண்ணுங்க, முதல் ஆளா நான் வந்து டீ வாங்கித் தரேன்.


சும்மா வந்தேன்:

டீ மட்டும்தானா, வடை கெடையாதா?


கோட்டையூரான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இம்புட்டு பதில் வரும்னு நெனைக்கல. பெருசு சொன்ன அரியலூர் கதைய எங்க அப்பத்தாட்ட கேட்டேன், கோஷத்த அப்படியே சொல்லுது, பாலத்தப் பத்தி ஒண்ணும் தெரியல.

இப்ப நேரா கேக்குறேன், டிப்பர் தம்பி சொன்ன அந்தப் பாலத்தையே எடுத்துக்குவோம். யாருக்கு எழுதுறது? ரெண்டு ஆபீஸும் எங்களுது இல்லைன்னா அது யாருது?


துருப்பிடிச்சவன்:

மொதல்ல கிலோமீட்டர் கல்லப் பாருங்க. தலையில மஞ்சள் இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தா மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ இருந்தா மாவட்டச் சாலை, ஆரஞ்சா இருந்தா கிராமச் சாலை. அடுத்து பாலத்துக் கைப்பிடிச் சுவத்துல ஒரு நம்பர் எழுதிருக்கும், 45/2ன்னு இருந்தா 45ஆவது கிலோமீட்டர்ல ரெண்டாவது பாலம்னு அர்த்தம். மனுவுல "எங்க ஊர்ப் பாலம்"னு எழுதாதீக, ரோட்டுப் பேரும் அந்த நம்பரும் எழுதுங்க, எந்தப் பாலம்னு தெரியலைன்னு சொல்ல வழி இருக்காது.

போட்டோ எடுக்கும்போது வெடிப்புப் பக்கத்துல ஒரு பேனாவ வச்சு எடுங்க, அளவு தெரியும். தூரத்துலேருந்து ஒண்ணு, கிட்டத்துல ஒண்ணு, அடியிலேருந்து ஒண்ணு. மூணு மாசம் கழிச்சு அதே எடத்துல நின்னு மறுபடி எடுங்க, வெடிப்பு வளந்திருக்கான்னு அதுலதான் தெரியும்.


ஏஇ வீட்டம்மா:

இதோட ஒண்ணு சேத்துக்கோங்க. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை முடிஞ்சு ஒரு தடவை பாலங்களப் பாத்து ரிப்போர்ட் எழுதணும்னு முறை இருக்கு. அதனால மனுவுல சும்மா நடவடிக்கை எடுங்கன்னு எழுதினா "ஆவன செய்யப்படும்"னு பதில் வரும். கடைசியா ஆய்வு செஞ்ச தேதி என்ன, அந்த ரிப்போர்ட் நகல் குடுங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. அந்தக் கேள்வி வந்தாலே யாராவது ஒருத்தர் ஜீப் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாலத்தப் பாத்துட்டு வருவார், நான் பாத்திருக்கேன். தேசிய நெடுஞ்சாலைன்னா 1033, மத்ததுக்கு முதல்வர் உதவி எண் 1100. திங்கக்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க, புதுக்கோட்டைப் பக்கம் இருக்கறவங்க அங்க. மனு குடுத்த ரசீதப் பத்திரமா வைங்க.

இன்னொண்ணு, மனுவுல ஒரே ஒரு கையெழுத்து வேண்டாம். பஸ்ல போற டீச்சர், பால்காரர், டிரைவர்னு அந்தப் பாலத்துல தெனம் போறவங்க கையெழுத்தா இருக்கட்டும்.


பனியில ஒரு ஆச்சி:

ரிப்போர்ட் வந்தா இங்க போடுங்க, எங்க வீட்டு அய்யா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான், சும்மாதான் உக்காந்து கிரிக்கெட் பாக்குறாக, படிச்சுச் சொல்லச் சொல்றேன். மகிசாகர் வீடியோவ மட்டும் இனிமே யாரும் பாட்டோட அனுப்பாதீக.


கோட்டையூரான்:

சரி, மனு நான் எழுதுறேன். டிப்பர் தம்பி, நம்பரும் போட்டோவும் வேணும், என்னைக்குப் போலாம்?


டிப்பர் வண்டி:

செவ்வாக்கெழம லோடு இல்லண்ணே, காலைல ஏழு மணிக்கு தேவகோட்டை ரஸ்தாவுல நிக்கிறேன் வாங்க. சுத்தி ஒண்ணு நான் எடுத்தாறேன். செருப்போட வராதீக, பாலத்துக்கு அடியில எறங்கணும், பூரா கருவேல முள்ளு, பாட்டில் ஓடு வேற கெடக்கு, பழைய ஷூ எதாச்சும் இருந்தா போட்டுட்டு வாங்க.